இலவசக் குறுஞ்செய்தியின் கட்டணம் யார் கணக்கில்?

டீக்கடையில் இருவர் ஒரு தேநீரைப் பங்கிட்டுக்கொள்ள நினைத்தால் 'ஒன் பை டூ' என்று கேட்பதுண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்களிடையே பெரிதும் புழங்கிய '160பை2' என்ற இணையதளத்தின் பெயரும் அதே கணக்கில் பிறந்ததுதான். ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். அவற்றில் பாதியான 80 எழுத்துகளைக் கணினியில் தட்டி அனுப்புபவர் எடுத்துக்கொள்ளலாம், மீதிப் பாதி விளம்பரதாரருக்கு. பெயர்ப்பலகையிலேயே ஒப்பந்தத்தை எழுதிவைத்துத் தொழில் நடத்தியவர்கள் அபூர்வம். கணினியிலிருந்து கைபேசிக்கு இலவசமாகச் செய்தி அனுப்ப வழிசெய்த எல்லாச் சேவைகளுக்கும் அடியில் இப்படியொரு பங்கீடு இருந்தது. மற்றவை அதைப் பெயரில் சொல்லவில்லை, அவ்வளவே.

கைபேசி வலைப்பின்னலில் கணக்கில்லாமல் எதுவும் நகராது. ஒரு குறுஞ்செய்தி மற்றொருவரின் கைபேசியைச் சென்றடைய வேண்டுமானால், ஒரு சிம் கார்டின் பெயரிலோ, தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஒரு வாடிக்கையாளரின் பெயரிலோ பற்று விழுந்தே ஆக வேண்டும். கணினிக்கு அப்படிப்பட்ட கணக்கு கிடையாது. எனவே அது எப்போதும் வேறொருவருடைய கணக்கில்தான் பேசுகிறது. அந்த வேறொருவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டால், இந்தச் சேவைகள் ஏன் தோன்றின, ஏன் மறைந்தன, இன்று எந்த உருவில் நீடிக்கின்றன என்பவையெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

உலகின் முதல் குறுஞ்செய்தியே கணினியிலிருந்து போனதுதான். 1992 டிசம்பர் 3 அன்று, இங்கிலாந்தின் நியூபரி நகரில், 22 வயதான பொறியாளர் நீல் பாப்வொர்த் கணினியின் விசைப்பலகையில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று தட்டி, வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸ் கையிலிருந்த ஆர்பிடெல் 901 என்ற கைபேசிக்கு அனுப்பினார். அந்தக் கைபேசியில் எழுத்தைத் தட்டி அனுப்ப வசதி இல்லை. ஆகவே பதிலும் இல்லை. கணினியிலிருந்து அனுப்புவது எளிது, கணினிக்குப் பதிலை வரவழைப்பதுதான் பாடு என்ற நிலைமை அன்றைக்கே தொடங்கிவிட்டது. 160 என்ற எண்ணின் கதை இன்னும் பழையது. 1985-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, வாய்க்கு வந்த வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள் என்று எண்ணிப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல 160 போதும் என்ற முடிவுக்கு வந்தார். அழைப்புகளை இணைப்பதற்கும் கைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது என்று அறிவதற்குமாக ஒதுக்கப்பட்ட சமிக்ஞைத் தடத்தில், ஓய்வாகக் கிடக்கும் நேரத்தில் இந்தச் சிறு செய்திகளையும் ஏற்றிவிடலாம் என்பதே திட்டம். செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட்டு. எழுத்துக்கு 8 பிட்டு என்பதை 7 பிட்டாக இறுக்கிக் கட்டினால் அதில் 160 எழுத்துகள் ஏறும்.

இது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழ் அந்த 7 பிட்டு அட்டவணைக்குள் இல்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட்டு செலவாவதால் அதே 140 பைட்டில் 70 குறியீடுகள்தான் கொள்ளும். அந்த எழுபதிலும் மெய்யெழுத்தின் புள்ளி தனி, உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனி. 'பொங்கல் வாழ்த்துகள்' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிபவை பத்து எழுத்துகள். வலைப்பின்னலின் கணக்கிலோ இடைவெளியையும் சேர்த்து அது 19. 71ஆவது குறியீடு வந்ததும் செய்தி இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்பும் உள்ளேயே போக வேண்டியிருப்பதால் துண்டுக்கு 67 குறியீடுகளே மிஞ்சும். கட்டணம் இரண்டு செய்திக்கு. தமிழையும் 7 பிட்டுக்குள் அடக்குவதற்கான தனி அட்டவணை கைபேசித் தரநிலையில் பின்னாளில் சேர்க்கப்பட்டது என்றாலும், அது பரவலான புழக்கத்துக்கு வரவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கத்துக்கு அன்றைய கைபேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததையே காரணமாகச் சொல்வார்கள். இந்த எழுபதுக்கும் அதில் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும், வேர்டு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது கூடவே தொற்றிக்கொண்டு வரும் வளைந்த மேற்கோள்குறி ஒன்று இருந்தாலும், முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும். மொத்தமாகச் செய்தி அனுப்பும் அலுவலகங்களில் மாதக் கட்டணச் சீட்டைச் சரிபார்ப்பவர்கள் இதை ஒருமுறையாவது பட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

கணினியில் தட்டிய செய்தி இந்த வலைப்பின்னலுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம். அஞ்சலகத்தைப் போல அது செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, பெறுபவரின் கைபேசி எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அது அணைத்து வைக்கப்பட்டிருந்தால் மீண்டும் இயங்கும்வரை குறிப்பிட்ட காலம் காத்திருந்து, கொண்டுசேர்க்கும். ஒரு நிறுவனம் தன் கணினியை இந்த மையத்தோடு இணைத்துக்கொண்டு, எஸ்எம்பிபி என்ற நெறிமுறையின்படி ஆயிரக்கணக்கான செய்திகளை ஒரே மூச்சில் தள்ளலாம். வங்கியின் ஓடிபியும், ரயில் முன்பதிவுத் தகவலும், துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி அறிவிப்பும் இந்த வழியில்தான் வருகின்றன. மொத்த வியாபாரம் என்பதால் விலை காசுக் கணக்கில் இருக்கும். அனுப்புநர் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரை இடலாம் என்பது இதன் வசதி. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் வேறொருவருடைய எண்ணையே இட்டு ஏமாற்றலாம் என்பது இதன் ஆபத்து.

இரண்டாவது வாசல் ஒரு சிம். பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் துறையின் இறுதியாண்டு புராஜெக்டில் மாட்டியவர்களுக்கு சிம்900 என்ற சிறு மோடம் பலகை நினைவிருக்கலாம். அதில் ஒரு சிம்மைச் செருகி, கணினியின் சீரியல் போர்ட்டில் இணைத்து, 'ஏடி' என்று இரண்டெழுத்தைத் தட்டினால் 'ஓகே' என்று பதில் வரும். எழுத்துமுறைக்கு மாறச் சொல்லி ஒரு கட்டளை, பெறுபவரின் எண்ணைச் சொல்லி இன்னொரு கட்டளை. உடனே கூர் அம்புபோல ஒரு குறி திரையில் தோன்றிக் காத்துநிற்கும். செய்தியைத் தட்டி முடித்து கன்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் அது கிளம்பும். என்டரை மட்டும் தட்டித் தட்டி, செய்தி ஏன் போகவில்லை என்று அரை நாள் விழித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். என்டர் அங்கே அடுத்த வரிக்குத்தான் போகும். அதே காலத்தில் மடிக்கணினியில் செருகி இணையம் பார்க்க உதவிய டேட்டா கார்டும் இத்தகைய மோடம்தான். பலவற்றின் டயலர் மென்பொருளில் எஸ்எம்எஸ் என்று தனியாக ஒரு பகுதியே இருந்தது. வாங்கியவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வழியில் செய்தி ஒரு முறையான கைபேசி எண்ணிலிருந்து போவதால், பதிலும் ஒழுங்காகக் கணினிக்கே திரும்பி வரும். ஆனால் செலவு அந்த சிம்மின் ரீசார்ஜிலிருந்து கழியும். இலவசம் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

இலவச இணையதளங்கள் முதல் வாசலைப் பிடித்துக்கொண்டன. ராஜு வனபாலா 2006-இல் தொடங்கிய வே2எஸ்எம்எஸ், முன்னர் சொன்ன 160பை2 ஆகிய இரண்டுமே ஹைதராபாத்தில் வளர்ந்தவை. அவை இந்திய மண்ணில் வேர்பிடித்ததற்குக் காரணம் இங்கிருந்த விலை அமைப்பு. சாதாரண வாடிக்கையாளர் ஒரு செய்திக்கு ஒரு ரூபாய்வரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, மொத்தமாக வாங்கியவர்களுக்கு அதே செய்தி சில காசுகளுக்குக் கிடைத்தது. சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் நடுவிலிருந்த அந்த அகலமான இடைவெளிதான் இவர்கள் கடை போட்ட இடம். மேலும், இந்தியாவில் குறுஞ்செய்தியைப் பெறுபவருக்குச் செலவே இல்லை. எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பண்டிகைகள். மாதம் முழுவதற்கும் எஸ்எம்எஸ் பேக் போட்டு வைத்திருந்தாலும், தீபாவளி, புத்தாண்டு போன்ற நாள்களில் அது செல்லாது. 'பிளாக் அவுட் டே' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, செய்திக்கு முழுக் கட்டணம் பிடிப்பார்கள். வாழ்த்துச் சொல்ல வேண்டிய நாளில்தான் வாழ்த்துக்கு விலை. அன்றைக்குப் பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி உட்கார்ந்து, ஐம்பது பேருக்கு வாழ்த்தை அனுப்பிவிட்டு எழுந்தால், மிச்சப்பட்ட தொகையில் ஒரு பிரியாணி சாப்பிடலாம்.

செய்தியின் அடியில் ஒட்டிய விளம்பர வரி மட்டுமே இவர்களுக்கு வருமானம் என்று எண்ணினால் கணக்கு முழுமையாகாது. பதிவு செய்யும்போது தன் கைபேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் கடவுச்சொல்லை இட்டு, எண் தன்னுடையதுதான் என்று பயனரே மெய்ப்பிக்க வேண்டும். பிறகு நண்பர்களின் எண்களைப் பெயரோடு முகவரிப் பட்டியலில் ஏற்றுவார். விளம்பர உலகத்துக்கு இதைவிட மதிப்பான சரக்கு எது? இங்கே கவனிக்க வேண்டியவர் பெறுபவர். அவர் எந்தத் தளத்திலும் பதிவு செய்யவில்லை, எந்த நிபந்தனைக்கும் சம்மதிக்கவில்லை. ஆனால் விளம்பரத்தைப் படிப்பவர் அவர்தான், அவருடைய எண்தான் பட்டியலில் ஏறுகிறது. அனுப்புபவருக்கு இலவசமாகக் கிடைத்தது, பெறுபவரின் கவனத்தை அவரைக் கேட்காமல் விற்றதால் கிடைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. இத்தனைக்கும் அனுப்புபவரின் எண்ணிலிருந்து அந்தச் செய்தி வருவதாகவும் காட்ட முடியாமல், சில தளங்கள் அனுப்பியவரின் எண்ணைச் செய்தியின் உள்ளேயே எழுத்தாகச் சேர்த்து அனுப்பின. அதைப் பார்க்காமல் 'ரிப்ளை' கொடுத்தவரின் பதில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அவருக்கும் தெரியாது, எதிர்பார்த்துக் காத்திருந்தவருக்கும் தெரியாது.

பதிலை வரவழைக்கும் சிக்கலுக்கு கூகுள் ஒரு சுவையான விடை கண்டது. 2008 டிசம்பரில் அமெரிக்காவில் ஜிமெயிலின் சாட் பகுதியிலிருந்து கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வசதியை அது சோதனையாகக் கொண்டுவந்தபோது, ஒவ்வொருவருக்கும் 50 செய்திகளுக்கான இருப்பு வழங்கப்பட்டது. ஒன்று அனுப்பினால் இருப்பில் ஒன்று குறையும். கைபேசியிலிருந்து பதில் ஒன்று வந்தால் ஐந்து கூடும். பதில் போடுபவர் தன் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார் அல்லவா, அந்தச் செலவுதான் இந்த ஐந்தாக உருமாறித் திரும்பியது. இருப்பு தீர்ந்துவிட்டால், தன் கைபேசிக்கே ஒரு செய்தி அனுப்பி, அதற்குத் தானே பலமுறை பதில் போட்டு இருப்பை நிரப்பிக்கொள்ளலாம் என்று கூகுளே வழியும் சொல்லிக்கொடுத்தது. கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய ஏற்பாடு வேறு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தியாவில் இந்தத் தொழிலின் கழுத்தைப் பிடித்தது, விளம்பரத் தொல்லைக்கு எதிராக எழுந்த சட்டம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2010-இல் வகுத்த வணிகத் தகவல் ஒழுங்குமுறைகள் 2011 செப்டம்பர் 27 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தன. ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 செய்திகளுக்கு மேல் அனுப்பக் கூடாது என்ற உச்சவரம்பும் அதே நாளில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நவம்பர் முதல் அது 200 ஆக உயர்த்தப்பட்டது. 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் தனிநபர்கள் மீதான அந்த வரம்பைச் செல்லாது என்றது. செய்திகளில் அடிபட்டது இந்த வரம்புதான். ஆனால் இலவசத் தளங்களை வருத்தியது அதன் பக்கத்திலிருந்த வேறு விதிகள். விளம்பரத்தைச் சுமந்து செல்வதால் அவற்றின் செய்திகளும் விளம்பரச் செய்தி என்ற வகைக்குள் வந்தன. 'டிஎன்டி' எனப்படும் தொந்தரவு வேண்டாம் பட்டியலில் பதிவு செய்த எண்களுக்கு அவை போகக் கூடாது. இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணிவரை யாருக்குமே போகக் கூடாது. போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்தின் வலைப்பின்னலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் 5 காசு கட்டணம் என்று 2011-இலேயே விதித்தார்கள். ஒன்றிரண்டு செய்திகள் அனுப்புபவருக்கு 5 காசு ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் இலவசமாக அனுப்புபவருக்கு அது அடிவயிற்றில் விழும் அடி.

பயனர்களின் கண்ணுக்கு இந்த விதிகள் விதிகளாகத் தெரியவில்லை, கோளாறாகத் தெரிந்தன. கைபேசியில் காசு தீர்ந்துபோன ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, பேருந்து நிலையத்தின் எதிரே இருந்த பிரௌசிங் சென்டரிலிருந்து 'பஸ் ஏறப் போகிறேன்' என்று ஒரு தளத்தின் வழியாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்று பச்சை எழுத்தில் திரை சொன்னது. மறுநாள் காலை வீட்டுக்குப் போய், குளித்து, காபி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைபேசி ஒலித்தது. பஸ் ஏறப் போவதாக நான் சொல்லும் செய்தி, அதன் அடியில் ஒரு வீட்டுமனை விளம்பரம். அது 9 மணிக்கு மேல் தள்ளிவைக்கப்பட்ட செய்தி என்று எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

விதிகளைத் தவிர அச்சமும் இந்த வழியை அடைத்தது. 2010 செப்டம்பரில் அயோத்தி வழக்கின் தீர்ப்பு வரவிருந்தபோது மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு நாடு முழுவதும் தடை போடப்பட்டது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப் போகிறார்கள் என்ற வதந்தி பரவி, பெங்களூரு முதலிய நகரங்களிலிருந்து அவர்கள் ரயில் ரயிலாக ஊர் திரும்பியபோது, மொத்தச் செய்திகள் 15 நாள்களுக்கு நிறுத்தப்பட்டன. தனிநபரும் நாளுக்கு 5 செய்திகளே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டார். மாணவர்களின் வாழ்த்துச் செய்தியும் வதந்தியும் ஒரே குழாயில் போகின்றன என்பதால், குழாயை மூடும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

இதற்குள் வாட்ஸ்அப் வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக இணையத்தைத் திறந்துவிட்ட பிறகு, ஒரு ரூபாய்ச் செய்தியை மிச்சப்படுத்தும் தேவையே பெரும்பாலோருக்கு இல்லாமல் போயிற்று. வே2எஸ்எம்எஸ் நடத்தியவர்கள் சுருக்கச் செய்திகள் தரும் வே2நியூஸ் செயலிக்குத் திரும்பினார்கள். குழுச் செய்திகளால் புகழ்பெற்ற குப்ஷப், நிறுவனங்களுக்குச் செய்திச் சேவை விற்பதற்குப் போயிற்று. எஞ்சியிருந்த கொஞ்சநஞ்சத்தையும் 2021 மார்ச் 8 அன்று நடைமுறைக்கு வந்த டிஎல்டி ஏற்பாடு முடித்துவைத்தது. 2018-இல் டிராய் வகுத்த விதிகளின்படி, மொத்தச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைப் பதிவு செய்வதோடு, அனுப்புநர் பெயரையும், அனுப்பப் போகும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பெயர், தொகை, தேதி போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். பதிவான வாசகத்தோடு பொருந்தாத செய்தி வழியிலேயே தடுக்கப்படும். தொடங்கிய நாளிலேயே வங்கி ஓடிபிகளும் ஆதார் தொடர்பான செய்திகளும் சிக்கிக்கொண்டதால், ஏழு நாள்களுக்கு இதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மோசடியைத் தடுக்க இந்த ஏற்பாடு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தங்கைக்கு என்ன எழுதப் போகிறோம் என்பதை எந்த அண்ணனும் முன்கூட்டியே வாசகமாகப் பதிவு செய்துவைக்க முடியாது. மனம்போல எழுதும் சொந்தச் செய்தி, மொத்த வாசல் வழியாகப் போகவே முடியாதபடி அன்றோடு கதவு மூடிக்கொண்டது. இன்றைக்கும் இந்திய எண்ணுக்கு இணையதளத்திலிருந்து இலவச எஸ்எம்எஸ் என்று அழைக்கும் பக்கங்கள் தென்பட்டால், அவற்றில் எண்ணைத் தட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் கதை தலைகீழாக நடந்தது. அங்கே பெறுபவரும் கட்டணம் செலுத்தினார். 2008 வாக்கில் தனித் திட்டம் எடுக்காதவர்களுக்கு, அனுப்பினாலும் பெற்றாலும் செய்திக்கு 20 சென்ட் என்பது பெரிய நிறுவனங்களின் விலை. பெறுபவரிடமே பணம் வாங்கிவிட முடியும்போது அனுப்புபவரிடம் கேட்பானேன்? ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் மின்னஞ்சல் வழியாகச் செய்தி அனுப்ப ஒரு முகவரியைத் திறந்துவைத்தது. பத்து இலக்கக் கைபேசி எண்ணை முன்னால் எழுதி, அட் குறியிட்டு, நிறுவனத்தின் செய்தி முகவரியைப் பின்னால் சேர்த்தால், எந்தக் கணினியிலிருந்தும் அனுப்பும் மின்னஞ்சல் குறுஞ்செய்தியாக மாறிப் போய்ச்சேரும். பதில் போட்டால் அது மின்னஞ்சலாகத் திரும்பி வரும். விளம்பரம் இல்லை, பதிவு இல்லை, கடவுச்சொல் இல்லை. சர்வர் பழுதானால் நள்ளிரவில் பொறியாளரை எழுப்புவதற்கும், பள்ளி விடுமுறையைப் பெற்றோருக்கு அறிவிப்பதற்கும் பல ஆண்டுகள் இது கைகொடுத்தது. வரம்பற்ற செய்தித் திட்டங்கள் வந்து பெறுபவர் கட்டணம் மறைந்தபின், இந்த வாசலால் நிறுவனங்களுக்கு வருவாய் இல்லை, குப்பைச் செய்திகளின் தலைவலி மட்டுமே மிஞ்சியது. ஏடி அண்டு டி நிறுவனம் 2025 ஜூன் 17 அன்று தன் வாசலை மூடியது. 2009-இல் வந்த கூகுள் வாய்ஸும் விளம்பரத்தில் ஓடும் டெக்ஸ்ட்நவ் போன்ற செயலிகளும் அங்கே இன்னும் இருக்கின்றன. அவை கணினிக்கே ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவதால் அனுப்பவும் பெறவும் முடியும். இணையவழி எண் என்று அடையாளம் கண்டு, வங்கிகள் பல அந்த எண்களுக்கு ஓடிபி அனுப்ப மறுப்பதுதான் அவற்றின் குறை.

இன்று நம் ஊரில் கணினியிலிருந்து செய்தி அனுப்ப நடைமுறையில் மிஞ்சியிருப்பது இரண்டாவது வாசலே. பழைய மோடம் பலகையின் வேலையைச் சட்டைப்பையிலிருக்கும் கைபேசி செய்கிறது. ஆப்பிள் 2014 அக்டோபரில் ஐஃபோனுக்கு வரும் குறுஞ்செய்தியை மேக் கணினியில் காட்டவும் அங்கிருந்து பதிலளிக்கவும் வழிசெய்தது. கூகுள் தன் மெசேஜஸ் செயலிக்கு 2018 ஜூனில் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தது. மைக்ரோசாஃப்டின் 'யுவர் ஃபோன்', இன்று 'ஃபோன் லிங்க்' என்ற பெயரில் விண்டோஸ் கணினிகளில் இருக்கிறது. பின்னிரண்டிலும் நடைமுறை ஒன்றுபோலத்தான்: கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியின் கேமராவுக்குக் காட்டினால், இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும். அதன்பின் விசைப்பலகையில் தட்டுவது கணினி, வலைப்பின்னலுக்குள் செய்தியை அனுப்புவது கைபேசி. கைபேசி அணைந்தாலோ அதில் இணையம் நின்றாலோ கணினித் திரையும் ஊமையாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு யார் முதலாளி என்பது புரிந்திருக்கும். திறமூல மென்பொருளை விரும்புபவர்கள் கேடிஇ கனெக்டைப் பார்க்கலாம். கணினியும் கைபேசியும் ஒரே வைஃபையில் இருந்தால், நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லாமலேயே அது இந்த வேலையைச் செய்கிறது. இடைத்தரகராக நிற்பதற்கும் செலவு உண்டு என்பதை, கைபேசியையும் கணினியையும் தன் சர்வர் வழியாக இணைக்கும் புஷ்புல்லட் செயலி காட்டியது: எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து வளர்ந்த அது, 2015 நவம்பரில் கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்து, இலவசப் பயனருக்கு மாதம் 100 செய்திகள் என்று வரம்பு கட்டியது.

இந்த வழியில் பற்று விழுவது நம்முடைய சொந்தக் கணக்கில். இந்தியாவின் பெரும்பாலான ப்ரீபெய்டு திட்டங்களில் நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் சேர்ந்தே வருகிறது. அதற்கான காசை ரீசார்ஜ் செய்த அன்றே கொடுத்துவிட்டோம், பெரும்பாலோர் அதில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை. அனுப்புநர் இடத்தில் நம் எண்ணே இருக்கும், பதில் நம் எண்ணுக்கே வரும், கணினியிலும் தெரியும். நீளமான தமிழ்ச் செய்தி இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்தால் ஒவ்வொரு துண்டும் அந்த நூறில் கழியும் என்பதை மட்டும் பண்டிகை நாளில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். குறுஞ்செய்திச் செயலியிலிருந்தே இணையம் வழியாகச் செய்தி அனுப்பும் முறையான ஆர்சிஎஸ், எதிர்முனையிலும் இருந்தால் செய்தி அப்படியே போய்விடும். அப்போது 70 எழுத்துக் கணக்கும் இல்லை, நூறு என்ற வரம்பும் இல்லை.

பெறுவதில்தான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். தேடுபொறியில் தேடினால், 'இலவசமாக எஸ்எம்எஸ் பெறுங்கள்' என்று பல நாட்டு எண்களை வரிசையாகக் காட்டும் தளங்கள் கிடைக்கும். அந்த எண்களில் ஒன்றைச் சொடுக்கினால், அதற்கு வந்த செய்திகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, நிமிடக் கணக்கோடு திரையில் ஓடும்: ஏதோ ஒரு செயலியின் ஆறு இலக்க ஓடிபி, ஏதோ ஒரு கடையின் கடவுச்சொல் மாற்று இணைப்பு. தன் எண்ணை மறைக்க விரும்பி அங்கே ஒரு கணக்கைத் தொடங்குபவர், அந்தக் கணக்கின் சாவியை ஊருக்கே பொதுவாக மாட்டிவைக்கிறார்; நாளை அதே எண்ணைச் சொடுக்கும் யாரும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று சொல்லி உள்ளே வரலாம். கைபேசியோடு ஜோடி சேர்த்த கணினிக்கும் இதே கவலை ஓரளவு உண்டு. ஜெராக்ஸ் கடையிலோ அலுவலகத்தின் பொதுக் கணினியிலோ அவசரத்துக்கு ஒருமுறை கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டு அப்படியே எழுந்து வந்தால், அதன்பின் வரும் வங்கி ஓடிபிகள் அந்தத் திரையிலும் விழும். கூகுள் மெசேஜஸ் செயலியின் பட்டியில் ஜோடி சேர்ந்த சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. விட்டுவந்த கணினியை அங்கிருந்தே, கைபேசியிலிருந்தே, துண்டித்துவிடலாம்.